கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு: மே மாதம் முதல் டிசம்பர் வரை பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலம் தொட்டுத் தமிழ்நாட்டில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் பக்கத்துப் பக்கத்திலேயே எழுந்திருக்கின்றன. ஜி.யு. போப் பாடுபட்ட சாயர்புரம், மிஷனரி மர்காசிஸ் வளர்த்த நாசரேத், பள்ளிகளுக்கே பேர்போன பாளையங்கோட்டை என்று தென்மாவட்டங்களில் மட்டுமே ஒரு நீண்ட பட்டியல் போடலாம். இன்று இவற்றில் பெரும்பாலானவை அரசு உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலமோ, கத்தோலிக்க மறைமாவட்டமோ, ஒரு துறவற சபையோ, லுத்தரன் திருச்சபையோ நடத்தும். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். படிக்கும் பிள்ளைகளில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள்.

ஊரில் உள்ள டி.டி.டி.ஏ. (சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலம் சார்ந்த) அல்லது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியிலோ, ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலோ ஐந்தாம் வகுப்பு முடித்து இப்படியொரு பெரிய பள்ளிக்குள் நுழையும் பிள்ளையின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்த காலத்தில் ஜூன் மாதத்துக் குழப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பகுதி, மே மாதத்தில் கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளைக் கேட்காததால் வந்தவை. பள்ளி நிர்வாகத்திடம் கேட்கத் தயங்காதீர்கள். கேட்கிற பெற்றோரை நல்ல தலைமையாசிரியர் மதிக்கவே செய்வார்.

முதல் படி: எந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை, ஒரே சீருடை. ஆனால் உள்ளே இரண்டு வகைப் பிரிவுகள் இருக்கலாம். ஒன்று அரசு உதவிபெறும் பிரிவு, பெரும்பாலும் தமிழ்வழி. மற்றது சுயநிதிப் பிரிவு, பெரும்பாலும் ஆங்கிலவழி. விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே, “இது உதவிபெறும் பிரிவா, சுயநிதியா?” என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்துக் கேட்டு அதிர்ச்சி அடையும் பெற்றோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

உதவிபெறும் பிரிவில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல், நோட்டு, புத்தகப் பை, காலணி, சத்துணவு, இலவச பஸ் பாஸ் ஆகியவை அரசிடமிருந்து வரும். எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை உண்டு, ஆனால் அது சத்துணவுப் பட்டியலில் பெயருள்ள பிள்ளைகளுக்கே. “எங்கள் பிள்ளை வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரும்” என்று சொல்லிப் பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு சீருடை வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. சுயநிதிப் பிரிவில் கட்டணம் உண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். “கட்டட நிதி”, “ஆலய நிதி” என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ரசீது ரசீதுதான்.

பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தால், கல்லூரியில் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. உதவிபெறும் பள்ளி மாணவியருக்கு 2024-இல்தான் புதுமைப் பெண் விரிவாக்கப்பட்டது, தமிழ்ப் புதல்வன் தொடங்கியதும் அதே ஆண்டில். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் இருக்கிறது, அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாற்றினால் இந்த இரண்டுமே கைநழுவும். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. இழப்பது என்னவென்று தெரிந்து மாற்றுங்கள்.

இரண்டாம் படி: தாள்களைச் சரிபார்த்தல்

மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், புகைப்படங்கள். எல்லாப் பள்ளியும் ஏறக்குறைய இவற்றையே கேட்கும். பழைய பள்ளி உங்கள் பிள்ளையின் பெயரை, பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எமிஸ் தளத்தில் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுவிக்காமல் இருந்தால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், கணினியில் இருக்காது. பாடநூல் எண்ணிக்கையிலும் பஸ் பாஸ் பட்டியலிலும் பெயர் விடுபடுவது இப்படித்தான்.

கிறிஸ்தவக் குடும்பங்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழோ, சேகர குருவானவர் அல்லது பங்குத்தந்தையின் கடிதமோ கேட்பதுண்டு. இங்கேதான் பெயர்ச் சிக்கல் எழுகிறது. ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் எழுத்து மாறிய இன்னொரு பெயர். ஜெபராஜ் என்பவன் ஜெயராஜ் ஆகிவிடுவதும், அந்தோணி என்பது ஆண்டனி ஆவதும் அன்றாடம் நடப்பவை. எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழின்படி ஆறாம் வகுப்பிலேயே ஒன்றாக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரே ஏறும். அதன்பின் பெயர் மாற்றம் என்றால் அரசிதழ் வரை அலைய வேண்டும். பிறந்த தேதிக்கும் இதே எச்சரிக்கை.

அடுத்தது மதம், சாதி என்ற இரண்டு கட்டங்கள். அவசரத்தில் யாரோ நிரப்பித் தர விடாதீர்கள். 1950-ஆம் ஆண்டு அரசமைப்பு ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரே பட்டியல் சாதியாகக் கருதப்படுவர். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். ஆகவே இந்து ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைக்கு, கிறிஸ்தவப் பள்ளிதானே என்று எழுத்தர் பழக்கத்தில் “கிறிஸ்தவர்” என்று எழுதிவிட்டால் பின்னாளில் உதவித்தொகையிலும் இட ஒதுக்கீட்டிலும் பெரும் சிக்கல். கிறிஸ்தவப் பள்ளியில் படிப்பதாலோ, ஜெபத்தில் நிற்பதாலோ யாருடைய மதமும் சாதியும் மாறுவதில்லை. ஆனால் தாளில் எழுதியது பேசும். சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லாதவர்கள் அதைத் தவிர்க்கவும் தமிழ்நாட்டில் வழியுண்டு, ஆனால் அதனால் இட ஒதுக்கீடு கோர முடியாமல் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

மூன்றாம் படி: ஜெபம், வேதபாடம் பற்றிப் பேசிவிடுங்கள்

பெற்றோர் கேட்கத் தயங்குவதும், பிள்ளை குழம்புவதும் இதில்தான் அதிகம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரம் அல்லது நிதியுதவி பெறும் நிலையத்தில் படிக்கும் யாரையும், அவர் சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதமின்றி, மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வற்புறுத்தக் கூடாது என்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில் உள்ளவை. நல்ல பள்ளிகள் இரண்டையும் மதித்தே நடக்கின்றன. நடைமுறையில், கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாட வகுப்புக்கோ மறைக்கல்விக்கோ போகும்போது மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு பாடவேளை. சில பள்ளிகளில் இரண்டுக்கும் ஆண்டுத் தேர்வும் பரிசும் உண்டு.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு பாடல், வேதவாசிப்பு, ஜெபம், திருக்குறள், செய்திகள் என்று வரும். சி.எஸ்.ஐ. பள்ளியானால் கீர்த்தனை. கத்தோலிக்கப் பள்ளியானால் நண்பகல் மணி அடித்ததும் மூவேளைச் செபத்துக்காக வகுப்பே எழுந்து நிற்கும். மணக்கிற மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கும் புதுப்பிள்ளைக்கு, எல்லோரும் திடீரென எழுவது ஏன் என்று தெரியாது. முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். ஒரு சபையின் பள்ளியிலிருந்து மற்றொரு சபையின் பள்ளிக்கு வரும் கிறிஸ்தவப் பிள்ளையும் தடுமாறும். வீட்டில் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று சொல்லிப் பழகியவள், இங்கே எல்லோரும் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று தொடங்கும்போது வாயடைத்து நிற்பாள். இரண்டும் ஒரே ஜெபம், எதைச் சொன்னாலும் தவறில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். சிலுவைக் குறி போட வேண்டுமா என்ற கேள்வியும் வரும். வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யட்டும்.

உங்கள் குடும்பம் வேறு மதத்தது என்றால் பிள்ளையிடம் மூன்று சொற்களில் முடியுங்கள்: நில், அமைதியாயிரு, மதி. பாட விரும்பினால் பாடலாம், விரும்பாவிட்டால் வேண்டாம். ஆலயத்துக்குள் அழைத்துச் செல்லும் நாட்களில் கலந்துகொள்வதில் உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். கோபமில்லாமல், நான்கு வரியில். வாய்மொழியாக வகுப்பாசிரியரிடம் சொல்லி, பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். அதேபோல் விபூதி, குங்குமம், பூ, கயிறு, மருதாணி, முக்காடு பற்றி ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருக்கிறது. சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள். பிள்ளையின் நெற்றியைக் கூட்டத்தின் நடுவே ஒருவர் துடைக்கச் சொல்லும் நிலை வரவே கூடாது. வந்தால் அன்றே போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள், அங்கே தீரவில்லையென்றால் நிர்வாகத்தின் சார்பில் பள்ளிக்குப் பொறுப்பான தாளாளரை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிறிஸ்தவப் பெற்றோர் சிலர், பள்ளியே வேதபாடம் சொல்லிக்கொடுத்துவிடும் என்று வீட்டு ஜெபத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். பள்ளியில் கிடைப்பது மனப்பாட வசனமும் தேர்வும். விசுவாசம் வீட்டிலும் ஞாயிறு பள்ளியிலும் வேர்பிடிக்க வேண்டியது.

நான்காம் படி: திறப்புக்கு முந்தைய வாரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பஸ்ஸில் போகும் பிள்ளையை ஒருமுறை அதே நேரத்தில், அதே பஸ்ஸில் அழைத்துச் சென்று பாருங்கள். ஏறும் இடம், இறங்கும் இடம், தவறவிட்டால் அடுத்த பஸ் எது என்று தெரியட்டும். புதிய பஸ் பாஸ் வரும்வரை சீருடையிலோ பழைய பாஸுடனோ பயணம் செய்யலாம் என்று அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும், அதைக் கேட்டு வையுங்கள். சீருடை அரசிடமிருந்து வரத் தாமதமாகலாம், பழைய சீருடையில் வர அனுமதி உண்டா என்று கேளுங்கள். கடையில் அவசரப்பட்டு மூன்று இணை வாங்க வேண்டாம். நோட்டுகளும் அப்படியே, எந்தப் பாடத்துக்கு எத்தனைப் பக்கம் என்று ஆசிரியர் சொன்ன பின் வாங்கினால் போதும்.

விடுமுறையில் புரண்டுபோன தூக்கத்தை மட்டும் அந்த வாரத்திலேயே சரிசெய்யுங்கள்.

ஐந்தாம் படி: முதல் நாளும் முதல் வாரமும்

திறப்பு நாளில் சி.எஸ்.ஐ. பள்ளியில் சிறப்பு ஆராதனையும், பல கத்தோலிக்கப் பள்ளிகளில் தூய ஆவியாருக்கான திருப்பலியும் நடக்கும். ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தைச் சொல்லுவார்கள். அது முடிந்துதான் வகுப்புப் பிரிப்பு. ஆகவே முதல் நாள் பிள்ளை வழக்கத்தைவிட நேரம் நிற்க வேண்டியிருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஜூன் வெயிலில் மயங்கி விழும் பிள்ளைகள் பெரும்பாலும் சாப்பிடாமல் வந்தவர்கள்.

தொடக்கப் பள்ளியில் ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுத்தார். இங்கே தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவர் வருவார். ஒரு மணி அடித்தால் ஒரு முகம் மாறும். ஆறாம் வகுப்புப் பிள்ளையை உண்மையிலேயே திணறடிப்பது இதுதான், பாடத்தின் கடினம் அதற்கு அடுத்தது. கால அட்டவணையைப் பிள்ளையே தன் கையால் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே ஆசிரியர் பெயரையும் எழுதட்டும். முதல் வார முடிவில் எல்லாப் பெயரும் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அழைக்கும் முறையும் புதிது. சார், டீச்சர் தவிர சிஸ்டர், ஃபாதர், பிரதர் இருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. பள்ளிகளுக்குக் குருவானவர் வந்தால் பெரியவர்கள் “ஐயர்” என்பார்கள், அது சாதிப் பெயரல்ல என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். தாளாளர் யார், தலைமையாசிரியர் யார், உதவி வேண்டுமென்றால் யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். முதல் வாரம் முழுவதும் மாலையில், “என்ன பாடம் நடத்தினார்கள்?” என்று கேட்பதைவிட, “யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிட்டேன் என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னால் வகுப்பாசிரியரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்க ஏற்பாடு உண்டு. அமைப்பாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

ஆறாம் படி: விடுதியில் விடுவதானால்

தென்மாவட்டங்களில் இன்றும் “போர்டிங்” என்றே சொல்கிறார்கள். ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் படிக்க வைத்த இடங்கள் இவை. ஆனால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளையை விடும்போது கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அதன்படிப் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். காப்பாளர் இரவில் விடுதியிலேயே தங்குகிறாரா, பெரிய வகுப்பு மாணவரும் சிறியவரும் ஒரே கூடத்தில் படுக்கிறார்களா, கழிப்பறை இரவில் வெளிச்சமாக இருக்கிறதா, காய்ச்சல் வந்தால் எங்கே அழைத்துப் போவார்கள், வீட்டுக்குப் பேச என்றைக்கு விடுவார்கள், இவற்றையெல்லாம் நேரில் பார்த்தும் கேட்டும் அறியுங்கள். அறையைப் பார்க்க விடமாட்டோம் என்றால் அந்த விடுதி வேண்டாம்.

விடுதியில் காலை, மாலை ஜெபம் ஒழுங்கின் ஒரு பகுதியாகவே இருக்கும். வேறு மதப் பெற்றோர் இதை முன்பே பேசி, என்ன ஏற்பாடு என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு 1098 என்ற எண்ணை மனப்பாடமாக்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, இந்தியா முழுவதும் இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. அடித்தல், அவமானப்படுத்தல், தவறான தொடுதல் எதுவானாலும், செய்தவர் யாராக இருந்தாலும், அங்கியணிந்தவராகவே இருந்தாலும், வீட்டில் சொல்லலாம் என்ற உறுதியை உங்கள் வாயால் கொடுங்கள். “ஃபாதரைப் பற்றி அப்படிச் சொல்லாதே” என்று ஒருமுறை அதட்டினால் பிள்ளை பிறகு வாயே திறக்காது.

ஏழாம் படி: ஜூலை முதல் டிசம்பர் வரை

ஜூலை நடுவில் வகுப்பாசிரியரைத் தனியே சந்தியுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டே கேள்விகள் போதும்: தமிழ்ப் பாடப் பகுதியைத் தடங்கலின்றி வாசிக்கிறானா? வகுத்தல் கணக்கு வருகிறதா? இந்த இரண்டும் இல்லாமல் எட்டாம் வகுப்பு வரை தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைகள் உண்டு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வருமுன் இதற்கு ஒரு வழி செய்ய முடியும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு இருக்கிறது. ஆண்டு வருமானம் 3.5 இலட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளை அதில் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். அதற்கான பயிற்சியை உங்கள் பள்ளி எப்போது தொடங்குகிறது என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

இந்த மாதங்களில் பள்ளியின் பெயருக்குரிய புனிதரின் திருநாள் வரும். புனித அந்தோணியார் என்றால் ஜூன் 13, திருமுழுக்கு அருளப்பர் என்றால் ஜூன் 24, இஞ்ஞாசியார் ஜூலை 31, மரியன்னை பிறப்பு செப்டம்பர் 8, சவேரியார் டிசம்பர் 3. அன்று விழா, விளையாட்டு, சில இடங்களில் விருந்து. விடுமுறையா வேலைநாளா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் வீடுகள், விரதம் தொடங்குமுன் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, காலணி இல்லாமல் வர, வேட்டி அணிய அனுமதி உண்டா என்று கேளுங்கள். நோன்பு வைக்கும் இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி வேளையில் ஓய்வு கேட்பதும் இதே முறையில்தான்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் விழாவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். நாடகத்தில் மேய்ப்பனாகவோ வானதூதராகவோ நடிக்க உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால், அது எந்த மதப் பிள்ளையானாலும், முதலில் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். பிறகு ஒத்திகை எத்தனை மணி வரை, திரும்பி வரப் பஸ் உண்டா, உடைக்கு யார் செலவு என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் ஒத்திகை இருந்தால் விலக்குக் கேட்கத் தயங்க வேண்டாம், கொடுத்துவிடுவார்கள்.